பயன்படுத்தாத செயலிகளைத் தானே அகற்றும் வசதி: நான்கு கைத்தொலைபேசிகளும் ஒரு வயலும்

கடந்த மாசி மாதத்தில், வவுனிக்குளத்தின் கீழுள்ள ஒரு வயலில் அறுவடை இயந்திரம் வரம்போரம் வந்து நின்றிருக்க, வயற்காரரும் இயந்திரத்தின் சொந்தக்காரராகிய என் அத்தானும் காணி எத்தனை ஏக்கர் என்று முடிவு செய்வதற்காகக் காத்திருந்த வேளையில், அத்தானின் கைத்தொலைபேசியில் இருந்த காணி அளக்கும் செயலி திறக்க மறுத்தது. சின்னம் வழமையான இடத்திலேயே இருந்தது. ஆனால் அதன் நிறம் மங்கியிருந்தது. கூடவே சிறியதொரு முகில் அடையாளமும் ஒட்டியிருந்தது. தொட்டபோது, மீண்டும் பதிவிறக்க வேண்டும் என்றது. அந்த வயலில் சிக்னல் கிடையாது. "போன ஆவணியிலை வெட்டேக்கையும் இந்தப் போனிலைதானே தம்பி அளந்தனான். இப்ப ஆர் இதை அழிச்சது?" என்று அத்தான் என்னைப் பார்த்துக் கேட்டார். ஒருவரும் அழிக்கவில்லை. போனே அழித்திருந்தது, இன்னும் சரியாகச் சொல்வதானால், பாதியை அழித்துப் பாதியை வைத்திருந்தது.

கூலி ஏக்கர்க் கணக்கில் பேசப்படும் தொழிலில் அளவு தெரியாமல் இயந்திரத்தை வயலுக்குள் இறக்குவது பின்னர் வாய்த்தர்க்கத்தில்தான் முடியும் என்பதால், அத்தான் மோட்டார் சைக்கிளில் குளக்கட்டுக்குப் போய், கட்டின்மேல் ஏறி நின்று, செயலியை மீண்டும் இறக்கிக்கொண்டு திரும்பி வந்தார். அதற்கு முக்கால் மணித்தியாலம் பிடித்தது. அன்றிலிருந்து ஆடி மாதம் வரை, அத்தானின் போன், அக்காவின் ஐபோன், அம்மாவின் பழைய போன், என்னுடையது என்று எங்கள் குடும்பத்தின் நான்கு கைத்தொலைபேசிகளில் இந்த வசதி என்ன செய்கிறது, எதைச் செய்யாமல் விடுகிறது என்று கவனித்து வந்தேன். நான் பாடசாலையில் கணிதம் கற்பிப்பவன். கணினித் துறையைச் சேர்ந்தவன் அல்லன். ஆயினும் ஊரில் எவருடைய போனில் 'மெமரி புல்' என்று வந்தாலும் அது என் கைக்குத்தான் வருகிறது என்பதால், இதை எழுதுவதற்கு ஓரளவு உரிமை உண்டென்று எண்ணுகிறேன்.

முதலில் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐபோன்களில் இந்த வசதி 2017 இல் வந்த ஐஓஎஸ் 11 உடன் அறிமுகமானது. அண்ட்ரொய்ட் போன்களில் கூகுள் பிளே ஸ்டோர் வழியாக இதே போன்றதொன்று வரவிருப்பதாக கூகுள் 2022 இல் அறிவித்தது. 2023 ஏப்ரலில், இடம் போதாமற்போகும்போது அதைத் தானாகவே செய்யும் ஏற்பாடும் வந்து சேர்ந்தது. 2024 இல் வந்த அண்ட்ரொய்ட் 15, இதைப் பிளே ஸ்டோரின் வேலையாக மட்டும் விடாமல், இயங்குதளத்தின் அமைப்புகளுக்குள்ளேயே கொண்டுவந்தது. ஐபோன் இதனை 'ஓப்லோட்' என்கிறது. அண்ட்ரொய்ட் 'ஆர்க்கைவ்', அதாவது ஆவணப்படுத்தல், என்கிறது. பெயர் இரண்டானாலும் வேலை ஏறத்தாழ ஒன்றே. செயலியின் உடல் அகற்றப்படுகிறது. அதற்குள் நாம் சேர்த்து வைத்த தரவுகள் போனிலேயே இருக்கின்றன. சின்னமும் முகில் அடையாளத்துடன் நிற்கிறது. சின்னத்தைத் தொட்டால் செயலி மீண்டும் இறங்கி, பழைய தரவுகளோடு பொருந்திக்கொள்கிறது.

இடம்பெயர்ந்த காலங்களில் எங்கள் பகுதியில் கூரைத் தகரத்தையும் மரத்தையும் கழற்றி உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போனவர்களுக்கு இதை விளக்குவது எளிது. வீடு போகிறது, ஆனால் காணியும் வேலியும் கிணறும் அங்கேயே கிடக்கின்றன. திரும்பி வந்து அதே அத்திவாரத்தில் கூரையைப் போட்டுக்கொள்ளலாம். அத்தானின் செயலியிலும் அப்படித்தான் நடந்தது. குளக்கட்டில் நின்று அதை மீட்டெடுத்தபோது, கடந்த சிறுபோகத்தில் அவர் அளந்து பெயரிட்டு வைத்திருந்த வயல்களின் எல்லைக்கோடுகள் ஒன்றும் குறையாமல் அப்படியே இருந்தன. இந்த வசதியைப் பற்றி நான் சொல்லக்கூடிய மிகப் பெரிய நல்ல வார்த்தை இதுதான்: தரவு காக்கப்படும் என்று அது சொல்வது, நான் பார்த்தவரையில், உண்மை.

ஆனால் அது தரும் வாக்குறுதியில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. மீட்பதற்கு இணையம் வேண்டும். நகரத்தில் இருப்பவருக்கு இது ஒரு நிபந்தனையாகவே தோன்றாது. துணுக்காய், மல்லாவி, பாண்டியன்குளம் பக்கத்து உள்வீதிகளில் போன் வைத்திருப்பவருக்கு இதுவே முழுப் பிரச்சினையும் ஆகிவிடுகிறது. அதிலும் அத்தானின் கதையில் ஒரு வேடிக்கை உண்டு. காணி அளக்கும் செயலி தன் இடத்தை அறிவது செய்மதிகளிலிருந்து வரும் சமிக்ஞையால். அதற்கு சிம் அட்டையின் டேட்டா தேவையில்லை. ஆகவே செயலி போனில் இருந்திருந்தால், சிக்னல் அறவே இல்லாத அந்த வயலிலும் வரம்பைச் சுற்றி நடந்து அளந்திருக்கலாம். இணையமே இல்லாமல் வேலை செய்யக்கூடிய ஒரு கருவியை, இணையம் இருந்தால் மட்டுமே கிடைக்கும் பொருளாக இந்த வசதி மாற்றிவிட்டது.

இதற்கு அடிப்படையான குறை, அகற்றவேண்டியது எது என்று அது தீர்மானிக்கும் முறையில் இருக்கிறது. கடைசியாக எப்போது திறக்கப்பட்டது என்பதுதான் அதன் பிரதான அளவுகோல். பெரும்போகத்துக்கும் சிறுபோகத்துக்கும் இடையில், ஒரு விவசாயியின் போனிலுள்ள சில செயலிகள் ஐந்து ஆறு மாதங்கள் தொடப்படாமலே கிடக்கும். மூலையில் சாக்கில் கட்டி வைத்த விதைநெல்லையும் ஆறு மாதம் எவரும் தொடுவதில்லைதான். அதனால் அதைப் பயன்படாத நெல் என்று எடுத்து விற்கும் வீட்டை நான் கண்டதில்லை. தினமும் திறக்கும் பேஸ்புக் தேவையானது, வருடத்தில் இரண்டு தடவை திறக்கும் அளவைச் செயலி தேவையற்றது என்று ஓர் இயந்திரம் கணக்குப் போடுமானால், அந்தக் கணக்கு தினசரி ஒரே மாதிரி வாழ்பவர்களின் நாட்காட்டியை வைத்துப் போடப்பட்டது என்றுதான் சொல்லவேண்டும்.

அத்தானின் போனில் இந்த வசதி எப்படி வந்து சேர்ந்தது என்று தேடிப் பார்த்தேன். அவர் தாமாக எதையும் இயக்கவில்லை. அண்ட்ரொய்ட் போனில் இடம் போதாத நிலையில் புதிய செயலி ஒன்றை நிறுவ முயன்றால், அரிதாகப் பயன்படுத்துபவற்றைத் தானாக ஆவணப்படுத்தி இடம் ஏற்படுத்தித் தரட்டுமா என்று பிளே ஸ்டோர் ஒரு பெட்டியைக் காட்டிக் கேட்கிறது. கார்த்திகை விடுமுறையில் மருமகன் ஏதோ ஒரு விளையாட்டை இறக்கப் போய், அந்தப் பெட்டி வந்தவுடன் ஆம் என்று அழுத்தியிருக்கிறான். கேட்ட கேள்வி நியாயமானது. ஆனால் அது கேட்கப்பட்ட நேரம் நியாயமானதல்ல. விளையாட்டு இறங்கவேண்டும் என்று காத்திருக்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் தகப்பனுடைய தொழிற்கருவியைப் பற்றிக் கேட்டால் என்ன பதில் வரும்? எந்தெந்தச் செயலிகளை அகற்றப் போகிறேன் என்ற பட்டியலை அந்த இடத்திலேயே காட்டி ஒப்புதல் பெற்றிருந்தால், வயலில் இந்த அல்லாட்டம் நேர்ந்திராது.

இனி இடம் எவ்வளவு மிச்சமாகிறது என்ற விடயத்துக்கு வருகிறேன். ஒரு செயலி பிடித்திருக்கும் இடத்தில் ஏறத்தாழ 60 சதவீதம் வரை மீளக் கிடைக்கும் என்று கூகுள் அறிவித்திருந்தது. என் அனுபவத்தில் இது செயலிக்குச் செயலி பெரிதும் மாறுகிறது, அதற்குக் காரணமும் விளங்கிக்கொள்ளக்கூடியதே. அகற்றப்படுவது செயலியின் உடல் மட்டும் என்பதால், உடல் பெரிதாகவும் தரவு சிறிதாகவும் உள்ள செயலிகளில் ஏறக்குறைய முழு இடமும் திரும்பக் கிடைக்கிறது. உடல் சிறிதாகவும் தரவு மலையாகவும் உள்ளவற்றில் ஒன்றும் கிடைப்பதில்லை. என் போனில் கொரோனாக் காலத்தில் வகுப்பு நடத்துவதற்கென்று நிறுவிய மூன்று காணொளிக் கூட்டச் செயலிகள், ஒரு தடவை மாத்திரம் பயன்படுத்திய இரண்டு பயணச் செயலிகள், பரீட்சை வினாத்தாள் தொகுப்புகள் என்று பதினொரு செயலிகள் முகில் அடையாளம் பெற்றன. சற்றேறக்குறைய ஒன்றரை ஜிபி இடம் திரும்பியது. அவற்றில் ஒன்றைத்தான் இந்த ஆறு மாதத்தில் மீட்டெடுக்கவேண்டி வந்தது. என் அளவில் இது நல்ல வியாபாரம்.

இங்கே இன்னொரு குழப்பத்தைத் தீர்த்துவிடவேண்டும். ஊரில் பலர், 'போன் தானாக அப்பை நிப்பாட்டுது' என்று சொல்லும்போது வேறொன்றைக் குறிக்கிறார்கள். 2020 இல் வந்த அண்ட்ரொய்ட் 11, மாதக்கணக்கில் திறக்கப்படாத செயலிகளுக்கு நாம் கொடுத்த அனுமதிகளை, அதாவது கமெரா, ஒலிவாங்கி, இருப்பிடம் போன்றவற்றை, தானாகவே திரும்பப் பெறத் தொடங்கியது. அடுத்த வருடம் வந்த அண்ட்ரொய்ட் 12 ஒரு படி மேலே போய், அத்தகைய செயலிகளை உறக்கத்தில் ஆழ்த்தி, அவற்றின் அறிவித்தல்களை நிறுத்தி, தற்காலிகக் கோப்புகளையும் துடைத்துவிடுகிறது. அனுமதிகளை மீளப் பெறும் ஏற்பாடு அதே 2021 இன் இறுதியிலிருந்து அண்ட்ரொய்ட் 6 வரையிலான பழைய போன்களுக்கும் விரிவாக்கப்பட்டது. இந்த உறக்கம் செயலியின் உடலை அகற்றுவதில்லை. ஆகவே கிடைக்கும் இடமும் சொற்பம். இதனுடைய பெறுமதி இடத்தில் அல்ல, மறந்துபோன செயலி ஒன்று நம் இருப்பிடத்தையும் ஒலிவாங்கியையும் வருடக்கணக்கில் கையில் வைத்திருக்கமுடியாமற் செய்வதில் இருக்கிறது. அதை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

ஆயினும் அறிவித்தல்கள் நிற்பது சாதாரண விடயமன்று. ஒரு செயலியைத் திறப்பது மட்டுமல்ல, அது அனுப்பும் அறிவித்தலைத் தொட்டு உள்ளே போவதும் பயன்பாடாகக் கணக்கிடப்படுகிறது. அறிவித்தலை விரலால் தள்ளி அகற்றுவது பயன்பாடாகக் கணக்கிடப்படுவதில்லை. மழை எச்சரிக்கைக்காக ஒரு வானிலைச் செயலியை வைத்திருப்பவர் என்ன செய்கிறார்? மேலே தோன்றும் ஒரு வரியை வாசிக்கிறார், தள்ளிவிடுகிறார். அவரைப் பொறுத்தவரை அந்தச் செயலி தினமும் பயன்படுகிறது. போனைப் பொறுத்தவரை அதை அவர் மாதக்கணக்கில் தொடவேயில்லை. 2018 மார்கழியில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம் வந்த இரவை நினைவில் வைத்திருப்பவர்கள், மழைக்காலம் தொடங்குமுன் எச்சரிக்கைச் செயலியை ஒரு தடவையாவது திறந்து பார்த்துக்கொள்வது நல்லது. இரணைமடுக் குளம் நிரம்பி வழியும் நேரத்தில் வாய்மூடிக் கிடக்கும் செயலி இருந்தென்ன, விட்டென்ன.

அக்காவின் ஐபோன் கனடாவிலிருந்து பெரியண்ணா அனுப்பியது; 64 ஜிபி. அந்தப் போனில் இந்த வசதியைப் பற்றிய என் மதிப்பீடு இரண்டாகப் பிரிகிறது. அமைப்புகளில் பொதுவானவை என்ற பகுதிக்குள் சென்று ஐபோன் சேமிப்பிடத்தைத் திறந்தால், ஒவ்வொரு செயலியும் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது, கடைசியாக எப்போது பயன்படுத்தப்பட்டது என்று வரிசையாகக் காட்டுகிறது. ஒன்றைத் தொட்டால் செயலியின் உடல் எவ்வளவு, அதன் ஆவணங்களும் தரவும் எவ்வளவு என்று தனித்தனியே பிரித்துச் சொல்கிறது. அதன் கீழேயே, இந்த ஒன்றை மட்டும் அகற்றுவதற்கும் முற்றாக அழிப்பதற்கும் இரண்டு பொத்தான்கள். இதைவிடத் தெளிவான பக்கத்தை நான் வேறெந்தப் போனிலும் பார்க்கவில்லை. கணக்குக் கொப்பி போல இருக்கிறது; அக்கா பார்த்தவுடனேயே விளங்கிக்கொண்டார்.

தானாகச் செய்யும் ஏற்பாட்டில்தான் ஐபோன் ஏமாற்றம் தருகிறது. அது ஒற்றை ஆளி. போட்டால் எல்லாச் செயலிகளுக்கும் பொருந்தும். நிறுத்தினால் எல்லாவற்றுக்கும் நிற்கும். இந்த ஒரு செயலியை மட்டும் தொடாதே என்று சொல்வதற்கு அங்கே வழியில்லை. இத்தனை வருடங்களாக இருந்துவரும் வசதியில் இந்தச் சின்ன விலக்கு இன்னும் இல்லாதது எனக்கு வியப்பாகவே இருக்கிறது. அக்காவின் போனில் அது பல வருடங்களுக்கு முன் அவர் வாங்கிய ஒரு தமிழ் விசைப்பலகைச் செயலியை அகற்றியது. மீட்கப் போனால் அது அப் ஸ்டோரில் இருந்தே எடுக்கப்பட்டுவிட்டது. கடையில் செயலி தொடர்ந்து இருந்தால்தான் மீளக் கிடைக்கும் என்று ஆப்பிள் அந்த ஆளியின் கீழேயே எழுதி வைத்திருக்கிறது என்பது உண்மைதான். அதனால் அதைப் பொய் என்று சொல்லமுடியாது. ஆனால் எந்தச் செயலி கடையில் இல்லை என்பது அகற்றும் அந்தக் கணத்தில் ஆப்பிளுக்குத் தெரியும், அக்காவுக்குத் தெரியாது. தெரிந்தவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எடுத்திருக்கலாம்.

வங்கிச் செயலிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெயர் சொல்ல விரும்பாத ஒரு வங்கியின் செயலி என் போனில் ஆவணப்படுத்தப்பட்டு, பின்னர் மீட்கப்பட்டபோது, தரவு அப்படியே இருந்தும், என்னைப் புதியவனாகக் கருதி மீண்டும் பதிவு செய்யச் சொன்னது. அதற்கான ஒருமுறைக் குறியீடு நான் எப்போதோ கைவிட்ட பழைய இலக்கத்துக்குப் போனது. பிழை ஆவணப்படுத்தும் வசதியுடையதா, வங்கியுடையதா, இலக்கத்தை மாற்றாமல் விட்ட என்னுடையதா என்று தீர்ப்புச் சொல்வது கடினம். கிளைக்குப் போய் வரிசையில் நின்றது என்னவோ நான்தான். பணம், கடவுச்சொல், இரட்டை உறுதிப்படுத்தல் தொடர்பான செயலிகள் எவையும் இந்த வசதியின் கைக்குப் போகக்கூடாது என்பது அன்று நான் எடுத்த முடிவு.

அண்ட்ரொய்ட் 15 அல்லது அதற்குப் பிந்திய பதிப்புள்ள போன்களில் அந்த முடிவை நடைமுறைப்படுத்துவது எளிது. அமைப்புகளில் செயலிகள் என்ற பகுதிக்குச் சென்று, காக்கவேண்டிய செயலியைத் திறந்தால், பயன்படுத்தாவிட்டால் இச்செயலியை நிர்வகிக்கவும் என்ற பொருள்பட ஓர் ஆளி அடியில் இருக்கும். அதை நிறுத்திவிட்டால் அனுமதிகளும் பறிக்கப்படா, அறிவித்தல்களும் நிற்கா, செயலியும் அகற்றப்படாது. அத்தானின் போனில் காணி அளக்கும் செயலிக்கும், அறுவடை இயந்திரத்தின் உதிரிப்பாகம் விற்கும் கடையின் செயலிக்கும், வங்கிச் செயலிக்கும் இதைச் செய்து கொடுத்தேன். அதே பக்கத்தில், ஒரு செயலியை நாமாகவே ஆவணப்படுத்தும் பொத்தானும் இருக்கிறது. முந்திய பதிப்புகளில் அனுமதியையும் உறக்கத்தையும் கட்டுப்படுத்தும் ஆளி வெவ்வேறு பெயர்களில் இருந்தாலும், தானாக ஆவணப்படுத்தும் முக்கிய ஆளி பிளே ஸ்டோருக்குள், நம் முகப்படத்தைத் தொட்டு, அமைப்புகளுக்குள் பொது என்ற தலைப்பின் கீழ் ஒளிந்திருக்கிறது. ஒரே வேலைக்கான ஆளிகளை இரண்டு வெவ்வேறு வீடுகளில் வைத்ததற்குக் காரணம் கூகுளுக்குள் இருக்கலாம். பாவிப்பவருக்கு அது அலைச்சல்தான்.

மீட்பதற்கு இணையம் வேண்டும் என்று சொன்னேன். எங்கள் ஊரில் இணையம் என்பதும் ஒரே பொருளல்ல. பலர் வாங்குவது முழு டேட்டா அல்ல. வட்ஸ்அப், பேஸ்புக், யூரியூப் போன்ற குறிப்பிட்ட சிலவற்றுக்கு மட்டும் செல்லுபடியாகும் பக்கேஜ். அந்தப் பக்கேஜில் கனடாவுக்கு ஒரு மணித்தியாலம் முகம் பார்த்துப் பேசலாம். ஆனால் பிளே ஸ்டோரிலிருந்து செயலி ஒன்றை மீட்கமுடியாது, ஏனெனில் அந்தப் பதிவிறக்கம் பக்கேஜுக்கு வெளியே கணக்கிடப்படுகிறது. போனில் நான்கு கோடு சிக்னல் நிற்கும், வட்ஸ்அப்பில் செய்தி வந்துகொண்டிருக்கும், முகில் அடையாளம் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். பக்கத்து வீட்டு அன்ரி போன் பழுதாகிவிட்டது என்று என்னிடம் கொண்டுவந்தது இதனால்தான். இடத்தை மிச்சம் பிடிப்பதற்காக அகற்றியதை மீட்பதற்கு ரீலோட் போடவேண்டியிருக்குமானால், மிச்சம் எங்கே என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. வைபை உள்ள இடத்தில் மட்டும் பதிவிறக்கவும் என்ற தெரிவைப் பிளே ஸ்டோரில் போட்டு வைத்திருந்தால், மீதியிருக்கும் பணம் தெரியாமற் கரைவதையாவது தடுக்கலாம்.

அம்மாவின் போனைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம், இந்த வசதியின் எல்லை எது என்பதை மிகத் தெளிவாகக் காட்டியது அதுதான். 32 ஜிபி போன். இயங்குதளமும் நிறுவனம் முன்கூட்டியே ஏற்றி அனுப்பிய செயலிகளுமே அதில் பெரும்பகுதியை விழுங்கியிருந்தன. அவ்வாறு ஏற்றி அனுப்பியவற்றை முற்றாக நீக்க முடியாது. முடக்கி வைக்கலாம், அவ்வளவுதான். பேரப்பிள்ளைகள் வந்துபோகும்போது நிறுவிய விளையாட்டுகளை, தானாக ஆவணப்படுத்தும் வசதி ஒரு வாரத்துக்குள் சுத்தமாகத் துடைத்தது. அம்மா அதைக் கவனிக்கவே இல்லை. பிள்ளைகள் மறுமுறை வந்தபோதுதான் வீட்டில் அழுகைச் சத்தம் கேட்டது. பிளே ஸ்டோரைத் தவிர்த்து, ஒரு போனிலிருந்து மற்றொரு போனுக்குக் கையால் மாற்றிக்கொண்ட இரண்டு செயலிகளை அது தொடவில்லை. கடையிலிருந்து வராததைக் கடைக்குத் திருப்பி அனுப்பமுடியாதுதானே.

இத்தனைக்குப் பிறகும் அம்மாவின் போனில் இடம் இல்லை என்ற அறிவித்தல் இரண்டு வாரத்தில் திரும்பி வந்தது. ஏனென்றால் அங்கே இடத்தைப் பிடித்திருந்தவை செயலிகள் அல்ல; வட்ஸ்அப்புக்குள் குவிந்திருந்த படங்களும் காணொளிகளும். வற்றாப்பளைப் பொங்கல் காணொளி நான்கு பேரிடமிருந்து நான்கு தடவை. முறிகண்டிப் பிள்ளையாரின் படத்தோடு வரும் காலை வணக்கங்கள் ஒரு வருடத்துக்கு மேலாக. மரண அறிவித்தல்கள், பேத்தியின் நடனம், இலண்டனில் நடந்த சாமத்தியச் சடங்கு முழுதாக. வட்ஸ்அப் தினமும் திறக்கப்படுவதால் எந்தத் தானியங்கி வசதியும் அதன் பக்கம் திரும்பியும் பார்க்காது. திரும்பிப் பார்த்து அகற்றினாலும், போவது செயலியின் உடல்தான், இந்தக் குவியல் அப்படியே கிடக்கும். போனில் இடமில்லை என்று என்னிடம் வரும் பத்துப் பேரில் எட்டுப் பேருடைய நோய் இதுதான் என்பதால், இந்த வசதியை மருந்தென்று நம்பி இயக்குபவர்கள் முதலில் நோய் எங்கே என்று பார்த்துக்கொள்வது நன்று.

வட்ஸ்அப்பின் அமைப்புகளில் சேமிப்பிடமும் தரவும் என்ற பகுதிக்குள், சேமிப்பிடத்தை நிர்வகிக்கும் பக்கம் ஒன்று உண்டு. பல தடவை முன்னனுப்பப்பட்டவற்றையும் 5 எம்பிக்கு மேற்பட்டவற்றையும் அது தனியாகத் திரட்டிக் காட்டும். அதே பகுதியில், படங்களும் காணொளிகளும் தாமாக இறங்குவதையும் நிறுத்தலாம். அம்மாவின் போனில் அந்த ஒரு பக்கத்தில் அரை மணித்தியாலம் செலவிட்டதில் கிடைத்த இடம், செயலிகளை அகற்றியதில் கிடைத்ததைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். ஆனால் அது தானாக நடக்கும் வேலை அல்ல, நடக்கவும் கூடாது. நான் பக்கத்தில் இருந்து ஒவ்வொன்றாகக் காட்ட, அம்மா ஒவ்வொன்றாகச் சொன்னார். காலை வணக்கம் போகட்டும். பொங்கல் காணொளியில் ஒன்றை வை, மற்றதுகள் போகட்டும். சித்தப்பாவின் படம் வந்தபோது மட்டும், "அது கிடக்கட்டும் தம்பி" என்றார். 2009 இல் எங்கள் வீட்டு அல்பங்கள் எல்லாம் போய்விட்டன. சித்தப்பாவின் ஒரேயொரு படம், வெளிநாட்டில் யாரோ உறவினரிடம் இருந்து, கைத்தொலைபேசியால் படமெடுத்து அனுப்பியதாக இப்படித்தான் திரும்பி வந்தது. மங்கலான படம். ஒரு எம்பிகூட வராது. அம்மா அதை அனேகமாகத் திறந்து பார்ப்பதும் இல்லை.

ஆகவே என் பரிந்துரை போனுக்குப் போன் மாறுகிறது. அண்ட்ரொய்ட் 15 உம் அதற்குப் பிந்தியதும் உள்ளவர்கள், முதலில் தொழிலுக்கும் பணத்துக்கும் அவசர எச்சரிக்கைக்கும் உரிய செயலிகளுக்கு விலக்குக் கொடுத்துவிட்டு, அதன்பின் இந்த வசதியைத் தாராளமாக இயக்கலாம். இந்த ஒழுங்கை மாற்றிச் செய்யாதிருப்பது முக்கியம். பழைய அண்ட்ரொய்ட் வைத்திருப்போர், இடம் நெருக்கடியாக இருந்தால் மட்டும் இயக்கி, அரிதாகத் தேவைப்படுபவற்றை மாதத்தில் ஒரு தடவையாவது திறந்து மூடிக்கொள்ளட்டும். ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு, தானாக அகற்றும் ஆளியை நிறுத்திவிட்டு, அந்தக் கணக்குக் கொப்பிப் பக்கத்தை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை தாங்களே பார்த்துக் கையால் அகற்றும்படி சொல்வேன். அக்காவின் போனில் இப்போது அப்படித்தான் செய்கிறோம். பத்து நிமிட வேலை. அறுவடைக்கோ தூரப் பயணத்துக்கோ புறப்படுமுன், சிக்னல் உள்ள இடத்தில் நின்று, முகில் அடையாளம் எதிலாவது ஒட்டியிருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளவும் வேண்டும்.

வசதிக்கு ஐந்துக்கு எத்தனை என்று கேட்பவர்களுக்காக: அண்ட்ரொய்டில் மூன்றரை, ஐபோனில் தானியங்கிக்கு இரண்டும் கையால் செய்வதற்கு நான்கரையும். அத்தான் ஒன்றுதான் கொடுப்பேன் என்கிறார். அந்த முக்கால் மணித்தியாலத்துக்குள் இயந்திரத்தை வேறொரு வயற்காரர் கேட்டு வந்திருந்தார் என்பதை அவர் இன்னும் மறக்கவில்லை. அம்மாவின் போனில் மெமரி கார்ட் போடும் துளை ஒன்று இருப்பதை இத்தனை நாள் நான் கவனிக்காமலே விட்டிருந்தேன். கிளிநொச்சியில் ஒரு கார்ட் வாங்கி, சித்தப்பாவின் படத்தையும் அம்மா கிடக்கட்டும் என்று சொன்ன மற்றவற்றையும் அதில் பிரதி எடுத்துவிட்டேன். அதே படங்களை என் மடிக்கணினியிலும் ஒரு கோப்புறையில் போட்டிருக்கிறேன்.